நான் எழுதிக் கொடுத்த மனு

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் அப்போது எனக்குக் கிளார்க் வேலை. என் கையெழுத்து அழகு. மனு எழுத என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு. முதியோர் பென்ஷன், பட்டா எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

ஆனைக்குட்டம் அகதி முகாமிலிருந்து ஒரு அக்கா எங்களிடம் காகிதக் குழாய் உருட்ட வருவார். இலங்கையில் புருஷனைக் குண்டுக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு படகேறி வந்தவர். முகாமில் பிறந்த அந்த மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் அவள் ஆளில்லை.

அகதிகளை வேறு நாடுகளில் குடியமர்த்தச் சென்னையில் ஒரு வெளிநாட்டு அலுவலகம் இருப்பதாக யாரோ சொல்ல, ஒரு மதியம் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு இனி என்ன. இவளுக்கு ஒரு நாடு வேணும். இல்லாட்டி நாளைக்கு இவளும் இந்தக் குழாயைத்தான் உருட்ட வேணும். எழுதித் தாங்கோ."

"கவலைய விடுங்கக்கா. படிச்சதும் கூப்பிட்டு அனுப்புவாக பாருங்க" என்றேன்.

மனுவுக்கென்று நாங்கள் பழகிய முறை ஒன்று உண்டு. அதிகாரி மனம் குளிர இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் கேட்க வந்ததைக் கேட்போம். எடுத்த எடுப்பில் குறை சொன்னால் தாலுகா ஆபீசில் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள். அதே பழக்கத்தில், முகாமில் பாதுகாப்பாகவும் குறையில்லாமலும் வாழ்ந்து வருகிறோம் என்று ஆரம்பித்தேன். மழைக்கு ஒழுகும் அவர்கள் வீட்டை நான் போய்ப் பார்த்ததுகூட இல்லை. வாசித்துக் காட்டியபோது அந்த வரிக்கு மட்டும் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்படித்தான் எழுதணும்க்கா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்து இங்கிலீஷில் பதில் வந்தது. வாசித்ததும் நான்தான். பாதுகாப்பாகவும் குறையில்லாமலும் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆபத்தில் இருப்பவர்களுக்கே இடம் போதவில்லை. அதனால் உங்களைச் சேர்க்க இயலவில்லை. இரண்டு முறை திருத்தி எழுதிப் பார்த்தோம். பதிலே இல்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மரியாதையாத்தானே எழுதினீங்கள் தம்பி" என்றார்.

பன்னிரண்டாவது முடித்த அடுத்த மாதம் மகள் எங்கள் கம்பெனிக்கே குழாய் உருட்ட வந்தாள். புது ஆட்களைப் பதிவு செய்வது என் வேலை. பெயர், வயது, அப்பா பெயர் சொன்னாள், எழுதினேன். எட்டிப் பார்த்தாள்.

"உங்கட கையெழுத்து வடிவா இருக்கு மாமா" என்றாள்.