ஓர் அறிஞர்

ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருக்கிறார் பொன்மொழி அண்ணன். தினசரி காலண்டர் தாளில் தேதிக்குக் கீழே மூன்று வரிக்குத்தான் இடம். நான்காவது வரிக்கு ஓடினால் சிவப்புப் பேனா பாயும். "எவ்ளோ பெரிய மேதையா இருந்தா என்ன, எடத்துக்குத் தகுந்த மாதிரிதான் பேசணும்" என்பார், மேதை கைகட்டி எதிரே நிற்பதுபோல.

அச்சகத்தில் அவருக்குப் பிழை திருத்தும் வேலை. காலண்டருக்குப் பொன்மொழி சேர்ப்பதும் அவர் தலையில் விழுந்து, பெயரே அப்படி ஆகிவிட்டது. நான் எதிர் மேசையில் கணினியில் பக்கம் அமைக்கிறேன். அவருடைய பழைய செருப்புப் பெட்டியில் துண்டுச் சீட்டுகள் வாழ்க்கை, காதல், அறிவு, சமுதாயம் என்று ரப்பர் பேண்ட் போட்ட நான்கு கட்டுகளாக இருக்கும். காதல் கட்டு எப்போதும் மெலிந்துதான் கிடக்கும். "விஷயம் தெரிஞ்சவங்க எழுதி வெக்கல. எழுதினவங்களுக்கு விஷயம் தெரியல."

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் மாதத் தாள்களோடு கையிருப்பு தீர்ந்துவிடும். "முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளைக்கு ஒலகத்துல அறிவு கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டு மீதியைத் தானே எழுதி, கீழே 'ஓர் அறிஞர்' என்று போட்டுவிடுவார். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் அவர் மகள் ஒற்றைப் பெட்டியோடு கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அவங்கம்மாகிட்ட சொல்லிருப்பா."

"நீங்க கேக்கலியாண்ணே?"

"கேட்டா அழுவா" என்றவர் குனிந்து ஒரு காற்புள்ளியை அடித்தார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகளே வந்து நின்றாள். கைப்பேசியை அவர் முன்னால் வைத்தாள். கணவன் படம் எடுத்து அனுப்பியிருந்தது எங்கள் காலண்டரின் அன்றைய தாள்: 'பொறுத்துப்போகும் பெண் இருக்கும் வீடு ஒருநாளும் உடைவதில்லை. - ஓர் அறிஞர்.' அதன் கீழே, "உங்கப்பா வேல பாக்குற எடத்துக் காலண்டரே சொல்லுது. ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்து சேரு."

"யாருப்பா இந்த அறிஞர்? அட்ரஸ் குடுங்க. எங்க மாமியாரோட ஒரு வாரம் இருந்து காட்டச் சொல்றேன்."

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தாள் எழுதிய நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. கீழே மெஷின்காரர் கத்திக்கொண்டிருந்தார்; அண்ணன் டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தார்.

அவர் ஸ்கேலை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"நான்தாம்மா."

"நீங்கதான்னா?"

"ஒரு தாள் காலியா இருந்துச்சு. வாய்க்கு வந்தத எழுதிட்டேன்."

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க. இப்ப எனக்குச் சொல்லுங்க. நான் போகணுமா, இருக்கலாமா?"

"இரு" என்றார். "என்ன நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

பக்கத்து நாற்காலியில் அடுத்த வருடத்து டிசம்பர் முழுவதும் புரூஃப் தாள்களாகக் குவிந்திருந்தது. அதை அப்படியே அள்ளித் தரையில் போட்டுவிட்டு அவளை உட்காரவைத்தார். என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே வந்தேன். மெஷின் சத்தம் உள்ளே வராதபடி அறைக் கதவைச் சாத்தித் தாழ்போட்டுக்கொண்டார்.