மகதலேனா அடித்த ஏழு கடிதங்கள்

"அம்மா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதப் படிச்சீங்களா?"

மகதலேனா அப்படித்தான் ஆரம்பித்தார். அன்று நடந்த பேச்சு அபிராமிக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் இடைநிலைப் பள்ளியின் அலுவலகம். கௌன்டருக்கு இந்தப் பக்கம் பதினேழு வயது அபிராமியும் அவள் அம்மா குமுதாவும் நின்றிருந்தார்கள். அந்தப் பக்கம், இருபத்தேழு வருடங்களாக அங்கே கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்த மகதலேனா.

"எனக்கு மலாய் அவ்வளவா படிக்க வராதுக்கா. சாத்தப்பன் சார் எல்லாத்தையும் சொன்னாரு," என்றாள் குமுதா. சாத்தப்பன் பள்ளியின் துணை முதல்வர்.

"என்ன சொன்னாரு?"

"இவள தையல் கோர்ஸ்ல சேத்து விடறாராம். அலவன்ஸ் குடுப்பாங்களாம். அதுக்கு இதுதான் போர்ம்னாரு."

மகதலேனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இது கோர்ஸ் போர்ம் இல்லம்மா. உங்க மகளுக்குப் படிக்க விருப்பமில்ல, ஸ்கூல விட்டு நிக்கறா, இது எங்க சொந்த முடிவுன்னு நீங்க எழுதிக் குடுக்கற கடிதம்."

"நான் எழுதலியேக்கா."

"இல்ல. நான் அடிச்சேன். நேத்து."

குமுதா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "உனக்குப் படிக்க விருப்பமில்லையாடி?"

"இருக்கு," என்றாள் அபிராமி.

"அப்ப இவ்ளோ நேரம் ஏன் ஊமைக்கோட்டான் மாதிரி நின்ன?"

"அத வீட்ல போய்த் திட்டிக்கலாம் லா," என்று மகதலேனா கடிதத்தை இழுத்து நான்காக மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "சார் கேட்டா, கிராணி எடுத்துக்கிட்டான்னு சொல்லுங்க."

அந்தக் கடிதம் எதற்கு என்று அபிராமிக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது. ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சராசரி கணக்கிடுவார்கள். தேர மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகள் தேர்வுக்கே வராவிட்டால் சராசரி தானாக ஏறிவிடும். பள்ளி யாரையும் வெளியே தள்ள முடியாது. ஆனால் பெற்றோரே விரும்பி நிறுத்திக்கொண்டால் யார் கேட்பது? ஆக, வருடா வருடம் கடைசி வகுப்பிலிருந்து சிலருடைய பெற்றோர் 'விரும்பினார்கள்'. அந்த வருடம் ஏழு பேர்.

கடைசி வகுப்புக்குப் பெயர் 'கிகே'. மலாயில் விடாமுயற்சி என்று பொருள். அந்தப் பெயரை வைத்தவருக்கு வெட்கமே இருந்திருக்காது. இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் தமிழர்கள். கணக்கு ஆசிரியர் வாரத்துக்கு ஒரு முறை வந்தால் அதிசயம். வேறு வகுப்பில் ஆசிரியர் விடுமுறை என்றால் கிகே ஆசிரியரைத்தான் தூக்கி அங்கே அனுப்புவார்கள். மண்டபத்தில் நாற்காலி அடுக்க வேண்டுமா, கிகேயைக் கூப்பிடு. வாசலில் பூச்சட்டி நகர்த்த வேண்டுமா, கிகேயைக் கூப்பிடு. கல்வி இலாகா அதிகாரிகள் வந்த அன்று மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வகுப்பையே பூட்டிவிட்டுப் பிள்ளைகளை கேண்டீனுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னவர் தமிழ் பேசும் சாத்தப்பன் சார்தான். "நம்ம பிள்ளைங்க" என்று ஆரம்பித்துத்தான் அவர் எதையும் சொல்வார்.

அந்தப் பள்ளி எப்போதும் அப்படி இருந்ததில்லை என்று சொல்பவர்கள் உண்டு. மகதலேனா அப்படிச் சொல்ல மாட்டார். அவர் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரையும் போல அவரும் அங்கேதான் படித்தார். அப்போது காலையும் மாலையும் இரண்டு நேரப் பள்ளி, ஆயிரத்து எழுநூறு பிள்ளைகள். கடைசி வகுப்புக்கு அழகான பெயர் இல்லை, வெறும் 'எஃப்'. மகதலேனா எஃப் வகுப்பு. "எங்க காலத்துல ஃபெயிலாகறதுக்காச்சும் உள்ள விட்டாங்க," என்பார். எண்பத்தொன்பதில் அதே பள்ளிக்குக் கிராணியாகத் திரும்பி வந்தார். பிறகு குவார்ட்டர்ஸை இடித்தார்கள். அடுக்குமாடிக் கோபுரங்கள் எழும்பின. குடும்பங்கள் கிள்ளானுக்கும் அம்பாங்குக்கும் சிதறின. நானூறு பிள்ளைகள் மிஞ்சினார்கள். ஒவ்வொரு பெயரையும் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியதும் அவர், சிவப்புக் கோடு போட்டு அடித்ததும் அவர்.

மகதலேனாவைப் புனிதவதியாக்க அபிராமிக்கு மனமில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன் மூன்று வருடங்கள் அவர் அந்தக் கடிதங்களை அடித்திருக்கிறார். ஒரே வாசகம், பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மட்டும் மாற்றினால் போதும். அன்றைக்கு மட்டும் ஏன் மனம் மாறியது என்று பிறகொரு நாள் அபிராமி கேட்டபோது, மகதலேனா சுற்றி வளைக்கவில்லை.

"உங்கம்மா என்கிட்டதான் பேனா கேட்டாங்க. கேட்டுட்டு தேங்க்ஸ் வேற சொன்னாங்க. மூணு வருசமா அந்தப் பேனாவ நீட்டினது நான். சாருங்க யாரும் கௌன்டர்ல வந்து நிக்கறதில்ல பாரு."

குமுதா கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மற்ற ஆறு பேர் வீட்டில் ஏற்கனவே போட்டாகிவிட்டது. கடிதங்கள் மாவட்ட இலாகாவுக்குப் போகாமல் இன்னும் தட்டிலேயே கிடந்தன. வெள்ளிக்கிழமையோடு தேர்வுப் பதிவு முடிகிறது. ஒவ்வொரு பிள்ளையும் நேரில் வந்து, தன் பெயரும் பாடங்களும் சரி என்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அந்த ஒப்பம் மட்டும் விழுந்துவிட்டால் பிறகு யாராலும் எளிதில் பெயரை எடுக்க முடியாது.

"அந்த ஆறு பேரு வீடும் உனக்குத் தெரியுமா?" என்று மகதலேனா கேட்டார்.

அபிராமி தலையாட்டினாள். எல்லோரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் இருந்தார்கள்.

மூன்று சாயங்காலம் இருவரும் படியேறினார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மகதலேனாவுக்கு முட்டிவலி, ஒவ்வொரு மாடியிலும் நின்று, "இந்தப் படிய கட்டினவன் எஃப் வகுப்பா இருக்கணும்," என்று முனகுவார். ஆறு பேரில் ஒருவனான வாசுவின் அம்மா கதவை அரை அடி மட்டும் திறந்தார்.

"ஸ்கூல்காரங்க வந்தா நல்லதுக்கு வந்திருக்க மாட்டீங்களே."

"நல்லது கெட்டதுக்கெல்லாம் இல்ல. ஒரு கையெழுத்துக்கு."

"போன வாரம்தான் ஒன்னு போட்டேன்."

"அதப் போட வச்சது தப்பு. இது உங்க மகன் போடறது."

வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். வாசு தூங்கி எழுந்த முகத்தோடு, பள்ளிச் சீருடை இல்லாமல் வந்தான். யுகேந்திரன் மட்டும் வரவில்லை. அவன் கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் லோரியில் அட்டெண்டனாகச் சேர்ந்துவிட்டான். "வேலைக்குப் போறவனுக்கு என்ன பரீட்சை?" என்று அவன் அப்பா கதவைச் சாத்திவிட்டார். அபிராமியையும் சேர்த்து ஆறு ஒப்பங்கள். அவற்றை மகதலேனா அன்று மத்தியானமே அனுப்பிவைத்தார்.

சாத்தப்பன் சார் அலுவலகத்துக்கு வந்தபோது, அபிராமி வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்க கௌன்டரில் நின்றிருந்தாள். அவள் நிற்பதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

"நீங்க கிராணியா, கவுன்சலரா?"

"கிராணிதான் சார். பதிவு என் வேலை."

"நம்ம பிள்ளைங்க ஃபெயிலாகி அழக் கூடாதேன்னுதான நான் பாக்கறேன்."

"அழட்டும் சார். எழுதிட்டு அழட்டும்."

இரண்டு வாரத்தில் இடமாற்றக் கடிதம் வந்தது. கேரி தீவுக்குப் போகும் சாலையில் ஒரு பள்ளி. மகதலேனாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ரயிலில் கிள்ளான், அங்கிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடை. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, எட்டு வருடம். ஓய்வுபெறும் நாள்வரை அதுதான். எந்தக் கடிதத்திலும் தண்டனை என்ற சொல் இல்லை. 'நிர்வாகத் தேவை' என்று இருந்தது. இந்த நாட்டில் மனிதரை முறிப்பதற்கு எவ்வளவு மரியாதையான சொற்கள் இருக்கின்றன.

ஆறு பேரும் தேர்வு எழுதினார்கள். நான்கு பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது. இருவருக்கு, சான்றிதழுக்குக் கட்டாயமான வரலாற்றுப் பாடம் போய்விட்டது. ஒருத்தி அடுத்த வருடம் மீண்டும் எழுதித் தேறினாள். அபிராமி டிப்ளோமா முடித்து, இப்போது கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் சுங்கப் பத்திரங்கள் தயார் செய்கிறாள். இரண்டு மொழியில் எழுதுகிறாள். வாடிக்கையாளர்கள் அவளை அமைதியான பெண் என்று பாராட்டுகிறார்கள்.

போன வருடம் பள்ளி விழா எடுத்து, வரலாற்று மலர் ஒன்று வெளியிட்டது. பளபளக்கும் தாள். 'வெற்றிப் படிகள்' என்று ஓர் அத்தியாயம்; 2013 முதல் சராசரி எப்படி உயர்ந்தது என்று மேலே ஏறும் கோடு. 2016இல் ஒரு சின்னச் சரிவு, பிறகு மறுபடி ஏற்றம். அந்தச் சரிவு தான்தான் என்று அபிராமிக்குத் தெரியும். பக்கத்திலேயே சாத்தப்பன் சார், கழுத்தில் மாலை, கையில் சிறந்த சேவை விருது. கிராணிகள் பட்டியலில் மகதலேனாவின் பெயர் இருந்தது. ஏழு பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் மலர்க் குழுவுக்கு நீளமாக எழுதினாள். "நல்ல நினைவுகளை மட்டுமே வெளியிடுகிறோம்," என்று பதில் வந்தது, கீழே ஒரு சிரிக்கும் முகம். யாருக்கு நல்ல நினைவு என்று அவள் திருப்பி எழுதினாள். அதற்குப் பதில் இல்லை.

அவர்கள்மேல் எரியும் கோபத்தில் ஒரு பங்கு தன்மேலேயே எரிகிறது. அது அவளுக்கு மட்டும் தெரிந்தது. அலுவலகத்துக்கு வரும் லோரி ஆட்களின் பெயர்ச் சீட்டுகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். யுகேந்திரன் என்ற பெயர் இதுவரை வரவில்லை. வந்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. மகதலேனா அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை அவள் செய்யவில்லை. படிக்க நிறைய இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவன் அப்பாவின் குரலைக் கேட்டாலே பயம் என்றும் சொல்லிக்கொண்டாள். இரண்டு வாரம் அப்படியே போனது.

மகதலேனா அதைக் கேட்டது, இடமாற்றத்துக்கு முன் அந்தப் பள்ளியில் அவருடைய கடைசி நாளன்று. அட்டைப் பெட்டியில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர், அபிராமியைக் கையசைத்துக் கூப்பிட்டு ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார்.

"யுகேந்திரன் வீட்டுக்கு நீ ஒருக்கா போயிட்டு வரியா? நான் மூணு வாட்டி போயிட்டேன். கடிதத்த அடிச்சவ நான், என்னப் பாத்தா அவங்கப்பா கதவச் சாத்தறது நியாயம்தான். தாமதப் பதிவுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, போர்ம் உள்ள இருக்கு. ஞாயித்துக்கிழமை லோரி ஓடாது, அவன் வீட்லதான் இருப்பான். அப்பன்கிட்ட குடுக்காத. அவன் கையில குடு."