அம்மன் வரும் தெருவில் அச்சு கழன்ற வண்டி

எங்கள் தெரு அம்மனுக்கு ஆடி மாதம் காப்பு கட்டிவிட்டால், தெருக்காரர்கள் யாரும் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். தூக்கம் மட்டும் எல்லைக்குள்தான். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் கையிலும் காப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீச்சட்டி எடுப்பதாக அவருக்கு வேண்டுதல். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிய நூலோடுதான் அவர் புதன்கிழமை காலையில் எங்கள் வண்டியின் முன் அச்சைப் பிரித்தார்.

அது பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். பாலாற்று மணலிலும் தென்னேரி ஏரி வண்டலிலும் மற்ற லாரிகள் புதைந்து நிற்கும் இடத்தில் எங்கள் வண்டி முனகிக்கொண்டே ஏறிவிடும். அதனால்தான் எங்களுக்குச் சோறு. வேலை முடிந்து வந்தால் வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தி, இருக்கையிலிருந்து நேராக வாசற்படியில் கால் வைத்து இறங்குவார். நான் சொம்பில் தண்ணீரோடு நிற்பேன்.

செவ்வாய்க்கிழமை அப்படி இறங்கியபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை. ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், வண்டி சரிவின் விளிம்பில் நின்றதாம். முன் சக்கரம் கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின் தேய்ந்திருக்கும், ஒரு நாள் வேலை, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று அவரும் மெக்கானிக் பாயும் பேசிக்கொண்டார்கள். பாய் எங்களுக்கு வெகு நாள் பழக்கம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மன் பல்லக்கு எங்கள் தெருவுக்கு வரும். வந்த வழியே திரும்பக்கூடாது, தெருவைக் கடந்துதான் போகவேண்டும். பல்லக்கின் தண்டுகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி நின்றால் வழியே கிடையாது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, வாசல் பக்கத்துச் சக்கரத்தை முதலில் எடுத்தார்கள். நான் போட்ட கோலத்தின் மேல் கறுப்பு எண்ணெய் சொட்டியது. மனசுக்குப் பிடிக்கவில்லை. பின்னைத் தட்டி எடுத்ததும் பாய் குந்தியபடியே உள்ளே விரலை விட்டுத் தடவினார். தேய்ந்தது பின் மட்டும் இல்லை. சக்கரத்தைத் தாங்குகிற ஸ்டப் ஆக்சில், அதாவது அச்சின் முனையில் முட்டி போல நிற்கும் இரும்பு, விரிசல் விட்டிருந்தது. ஸ்டியரிங் கம்பி மாட்டும் காது அதில் பாதிக்கு மேல் பிளந்திருந்தது. பாய் சுத்தியால் மெல்ல ஒரு தட்டு தட்டினார். காது கையோடு வந்துவிட்டது.

"அல்லா காப்பாத்துனான்பா உன்னை," என்றார் பாய். "இன்னும் ஒரு மேடு ஏறியிருந்தா நீ இங்க நின்னு பேசிக்கினு இருக்க மாட்ட."

வீட்டுக்காரர் காப்புக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னும் ஒரு மேடு என்ற சொல்லிலேயே எனக்குப் பயம் பிடித்தது. ஆனால் அந்தப் பயம் நிலைப்பதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது. வேறு ஸ்டப் ஆக்சில் இல்லாமல் வண்டியை ஒரு முழம்கூட நகர்த்த முடியாது.

பாய் அன்று மாலை வரைக்கும் காஞ்சிபுரத்தில் தெரிந்த பட்டறையெல்லாம் சுற்றிப் பார்த்து வெறுங்கையோடு வந்தார். மெட்ராஸ் புதுப்பேட்டையில்தான் கிடைக்கும். யார் போவது? மறுபக்கத்து பின்னும் தேய்ந்திருந்தது. அதைக் கழற்றிப் பின் சுழலும் புஷ் வளையத்தைப் புதிதாக அடிக்க வேண்டும். அந்த இரும்பைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், அடிக்க ஒருவர். இரண்டு பேரில் யார் போனாலும் வேலை நின்றுவிடும்.

இதற்கிடையில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. காலையில் தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டுகிற இடத்தை வண்டி அடைத்துக்கொண்டதில் எதிர்வீட்டு அக்காவுக்கு ஏற்கனவே கோபம். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். திட்டும்போது மட்டும் தெருவுக்கெல்லாம் புரியட்டும் என்று தமிழில் திட்டுவார்.

"ஏம்மா, அம்மன் இன்னா, உங்க லாரி மேல ஏறி எறங்கிப் போவாளா? ஏணி கீணி வாங்கி வெச்சிருக்கறீங்களா?"

பெரியவர்கள் சிலர், காப்பு கட்டினவன் அம்மன் வழியை மறிப்பது நல்லதற்கில்லை என்று என் காதில் விழும்படி பேசினார்கள். அது என் நெஞ்சில் குத்தியது. ஆற்றங்கரையில் அவரைக் காப்பாற்றியவள் அவள்தான் என்று நான் நம்பினேன். அவள் வரும் பாதையிலேயே நாங்கள் குறுக்கே கிடக்கிறோம். என்ன செய்வாளோ என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் போகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். பாய் தேய்ந்த கிங் பின்னைத் துடைத்து ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். வண்டி எந்த வண்டி என்று கடையில் எப்படிச் சொல்ல வேண்டும், காது முழுசாக இருக்கிறதா என்று எப்படிப் பார்க்க வேண்டும், பின்னின் தேயாத முனையை ஓட்டையில் விட்டால் ஆட்டம் இருக்கக்கூடாது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். எதிரிலேயே கழன்று கிடக்கும் சாமானைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் பேசியதால், முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். ஏறுவதற்கு முன் காமாட்சியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர் வந்துவிடலாம்.

புதுப்பேட்டையில் பெண்கள் யாருமே கண்ணில் படவில்லை. கடைக்குக் கடை இரும்பு மலை. துணியைப் பிரித்து பின்னைக் காட்டினால் சிலர் பார்க்காமலேயே இல்லை என்றார்கள். ஒருவர் வீட்டில் ஆம்பிளை இல்லையா என்று கேட்டார். பொழுது சாய ஆரம்பித்தபோது, உள்ளே தள்ளி ஒரு கடைக்காரர் பின்னை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"எந்தப் பக்கம்மா?"

எனக்குப் புரியவில்லை.

"சோத்தாங்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா? காது மாறும். ஒண்ணுக்கு ஒண்ணு சேராது."

என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் சொட்டிய கோலமும் அதன் மேலே அவர் உட்காரும் இருக்கையும்தான். அதனால், "டிரைவர் பக்கம்," என்றேன். தைரியமாகவே சொன்னேன்.

அவர் உடனே ஒன்றை எடுத்துப் போட்டார். பின்னை விட்டுப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. காதில் கீறல் இல்லை. சாக்குப் பையில் போட்டு, இடுப்பில் குழந்தையைப் போல் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தேன். அம்மனுக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டேன்.

பஸ் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். தன் பக்கத்துக் கதவைத் திறந்து ரோட்டில் குதித்தார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மோதாமல் ஒடித்துத் திருப்பி, அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது. எல்லா டிரைவரும் ரோட்டுப் பக்கம்தான் இறங்குகிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எப்படி நேராக வாசற்படியில் இறங்குகிறார்?

எங்கள் வண்டி வெளிதேசத்தில் செய்தது. ஸ்டியரிங் இடது பக்கம். தினமும் பார்த்துப் பார்த்து அது எனக்கு வித்தியாசமாகவே தெரியாமல் போயிருந்தது. கடைக்காரர் எல்லா வண்டியையும் போல நினைத்து வலது பக்கத்துச் சாமானைக் கொடுத்திருக்கிறார்.

பையோடு இறங்கி ஓடினேன். ஓட்டம் என்று சொல்லக்கூடாது, அந்தக் கனத்தோடு யாரால் ஓட முடியும்? இடுப்பு எலும்பில் இரும்பு இடித்துக்கொண்டே வந்தது. இந்த பஸ் போய்விட்டால் அடுத்தது எப்போது, அதிலும் இடம் இல்லாவிட்டால் எல்லைக்கு வெளியே ராத்திரி தங்கவேண்டி வருமே என்ற பயம் ஒரு பக்கம். தப்பான இரும்போடு எல்லைக்குள் போய் என்ன பிரயோசனம் என்ற பயம் ஒரு பக்கம்.

கடைக்காரர் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"லெப்ட் ஹேண்டு வண்டியா? அதை முதல்லயே சொல்றதுக்கு இன்னாமா?" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்குது. ஆனா கழட்டணும்," என்றார்.

பின்பக்கத்தில் முழு அச்சு ஒன்று துருவேறிக் கிடந்தது. அதிலிருந்து கழற்ற ஆரம்பித்தார். ஒரு நட்டு வரவே மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், அடித்தார், மறுபடியும் ஊற்றினார். ஒவ்வொரு அடிக்கும் நான் அம்மன் பேரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து, "சாமி பேரை நிறுத்தாதம்மா, கொஞ்சம் அசையுது," என்றார். கேலியா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிறுத்தாமல் சொன்னேன், கடைசியில் நட்டு கழன்றது.

சாமானை மாற்றிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அந்த பஸ் போயிருந்தது. அடுத்ததில் உட்கார இடமில்லை. காலுக்கு நடுவில் பையை வைத்து நின்றுகொண்டே வந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் டயர் பஞ்சர். இறங்கி ரோட்டோரம் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. கூட நின்ற ஒரு கிழவர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். வண்டிக்கு என்று சொன்னேன்.

ஊர் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பஸ் நிலையத்தில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பைக்குள் கையை விட்டு, அந்தக் காதைத் தடவிப் பார்த்தார்.

"பீச்சாங்கை பக்கம் தான்," என்றார் மெல்ல. "நீ போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, பக்கம் சொல்லி அனுப்பலியேன்னு. காலையிலிருந்து பச்சத் தண்ணி எறங்கல."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது நான் வாங்கி வந்த ஸ்டப் ஆக்சில் அச்சில் ஏறியிருந்தது. ஏறியது பாதி சந்தோஷம்தான். பேரிங், ஸ்டியரிங் கம்பி, பிரேக், சக்கரம், எல்லாம் அதன் பிறகு. கூழ் காய்ச்சும் வாசனை தெருவில் வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் கம்பியின் நட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போதே தெருக் கோடியில் பம்பை மேளச் சத்தம் கேட்டது.

பாயின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அம்மன் வாசலுக்கு வரும்போது வண்டி கட்டை மேல் நின்றால், சாயங்காலம் அவர் எந்த முகத்தோடு தீச்சட்டி எடுப்பார்?

எதிர்வீட்டு அக்கா தட்டோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோடியைப் பார்த்தார். இன்னொரு தடவை திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கோடியை நோக்கி விறுவிறு என்று நடந்தார்.

எங்கள் தெருவில் அம்மன் ஒவ்வொரு வாசலிலும் நிற்பாள். தட்டு எடுத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினால்தான் நகர்வாள். வாசலில் ஒருத்தி தட்டோடு நிற்கும் வரைக்கும் பூசாரி அவசரப்படுத்த முடியாது. அக்கா முதல் வீட்டுக்காரியிடம் ஏதோ சொன்னார். அந்த வீட்டில் கற்பூரம் மூன்று தடவை அணைந்தது. அடுத்த வீட்டில் தேங்காயை மறந்துவிட்டு உள்ளே போனவள் வரவே இல்லை. அதற்கடுத்த வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக விபூதி வைக்கச் சொன்னார்கள். தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையைக்கூட எழுப்பிக்கொண்டு வந்தார்கள்.

பூசாரிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாம்மா இன்னைக்கு எல்லாரும் ஆமை நடை நடக்கறீங்க?"

"அம்மன் வருசத்துக்கு ஒரு வாட்டி வர்றா, சாமி," என்றார் அக்கா. "கண் நெறையப் பார்க்க வேணாமா?"

ஸ்டியரிங் கம்பி மாட்டியாயிற்று. சக்கரத்தை இரண்டு பேரும் முழங்காலில் தூக்கி ஏற்றினார்கள். எல்லா நட்டும் போட நேரமில்லை. ஒன்றுக்கொன்று எதிராகச் சிலவற்றை மட்டும் முடுக்கினார் பாய். கட்டையை நான்தான் இழுத்தேன். கட்டையை நான்தான் இழுத்தேன். வண்டி உறுமி, ஒரு தடவை குலுங்கி, மெல்ல ஊர்ந்து, பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து மறைந்தது. சந்து சரிவு, பிரேக் குழாய் இன்னும் மாட்டவில்லை. சக்கரத்துக்குக் கல் வைக்க பாய் பின்னால் ஓடினார்.

அம்மன் எங்கள் வாசலுக்கு வந்தாள். என்னிடம் தட்டு இல்லை, ஒன்றும் எடுத்து வைத்திருக்கவில்லை. கையெல்லாம் கிரீஸ். அக்கா தன் தட்டை என் கையில் வைத்து அழுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். பூசாரி எண்ணெய்க் கறையைத் தாண்டி நின்று, என் உள்ளங்கையில் குங்குமம் போட்டார். கறுப்பின் மேல் சிவப்பாக அது கிடந்தது.

வருஷம் முழுக்க அவளிடம் கேட்கவேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருப்பேன். அன்றைக்கு ஒன்றும் நினைவில் வரவில்லை. சந்துப் பக்கமே காது கிடந்தது. தாயே, அந்தச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்களா, நட்டு தாங்குமா, வண்டி உருளாமல் பார்த்துக்கொள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். பம்பை அடுத்த வாசலுக்கு நகர்ந்த பிறகுதான், சந்திலிருந்து அவர் வெறுங்காலோடு நடந்து வருவதைப் பார்த்தேன். மணிக்கட்டு நூல் கறுத்துப்போயிருந்தது. மஞ்சள் துண்டு மட்டும் அவிழாமல் அதில் இருந்தது.