கரண்டியில் நிற்கும் கிரேவி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள்முதல் என் மனைவி ஒழுங்காக எதையும் சாப்பிடவில்லை. பக்கவாதம் அவளுடைய வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோனது போதாதென்று, விழுங்குகிற பழக்கத்தையும் குழப்பிவிட்டுப் போயிருந்தது. தண்ணீர், தேத்தண்ணி, சோற்றுக்கு விடுகிற தேங்காய்ப்பால் சொதி எல்லாம் தடை. மெல்லிசாக எது உள்ளே போனாலும் வழிமாறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார்கள். சொதி இல்லாமல் ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளையைச் சாப்பிடச் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

மருந்துக்கடையில் ஒரு மா தந்தார்கள். எதில் கலந்தாலும் அது தடித்துவிடும். தேத்தண்ணியில் கலந்தேன், சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி வந்தது. இடக்கையால் கோப்பையைத் தள்ளிவிட்டாள். அரைத்த சாப்பாட்டைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கெஞ்சினேன். ஏசினேன். ஒருநாள் கரண்டியைச் சுவரில் எறிந்தும் விட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான், அது லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்கிற கடைக்கு வருகிற சனத்துக்கே தெரியும்.

மார்கழியில் டாக்குத்தர் அவளை நிறுத்துப் பார்த்துவிட்டு, புதுவருஷத்துக்குப் பிறகும் இப்படியே மெலிந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டிவரும் என்றார். அவர் சொன்னது அவளுக்கும் விளங்கியது. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் பயந்துபோனேன். குழாய் வந்தால் இவள் இனி வாயால் எதையும் தொடமாட்டாள் என்று என் மனம் அடித்துச் சொன்னது.

அப்போதுதான் வான்கோழி நினைவுக்கு வந்தது. நாங்கள் சைவ சமயக்காரர், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் எங்கள் பண்டிகையில்லை. ஆனாலும் லண்டன் மச்சாள் வீட்டில் ஒரு நத்தாருக்குத் தின்றுவிட்டு வந்ததிலிருந்து என் மனைவிக்கு வருஷா வருஷம் வான்கோழி வேண்டும். வான்கோழி என்றால் இறைச்சியில்லை, அந்தக் கிரேவிதான். விழுங்கப் பழக்க வருகிற பிரெஞ்சுப் பெண்ணிடம் கேட்டேன். இறைச்சியைப் பூப்போல அரைத்துக் கெட்டியான கிரேவியில் குழைத்தால் கொடுக்கலாம் என்றாள். ஆனால் கரண்டியைச் சரித்தால் ஒழுகக் கூடாது, தொப்பென்று விழவேண்டும் என்று கையால் செய்தும் காட்டினாள்.

நத்தார் அன்று காலையிலேயே தொடங்கினேன். மகள் தாயைக் கழுவி, தலைவாரி, சக்கர நாற்காலியைக் குசினி வாசலில் கொண்டுவந்து விட்டாள். அங்கேயிருந்து மனைவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பென்றால் வாய் சும்மா இருக்காது. நான் எதைச் சமைத்தாலும் நுனிநாக்கில் தொட்டுவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பாள். முப்பது வருஷமாக இதே பாட்டு.

வான்கோழி வெந்து இறங்கியதும் தட்டில் நின்ற கொழுப்பை வடித்தேன். அடியில் பிடித்திருந்த கறுப்பைச் சுரண்டி, கோதுமை மாவைப் போட்டு வாசம் வருமட்டும் வறுத்தேன். கழுத்தும் ஈரலும் அவித்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டினேன். லண்டன் மச்சாள் கண்டால் மயங்கி விழுவாள், கடைசியில் ஒரு சிட்டிகை கறித்தூளும் போட்டேன். உப்பை மறக்கவில்லை. கரண்டியைச் சரித்தேன். தொப்பென்று விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. பக்கத்து ஊரான கார்ஜிலிருந்து அவளுடைய தமையன், பெண்சாதி, பிள்ளைகள், போதாததற்குப் பெண்சாதியின் தாய்.

"சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டம் மச்சான். தங்கச்சியைப் பாக்காமல் இருக்கேலாமல் போச்சு."

"வாங்கோ, வாங்கோ, இருங்கோ. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

வாய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை வேறு வேலை பார்த்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் குழம்புக்குத் தண்ணி விடுவதுதானே நாங்கள் பழகியது? கேத்தலில் கொதித்த தண்ணியை எடுத்துக் கிரேவிக்குள் ஊற்றினேன். நக்கிப் பார்த்தேன், சப்பென்றிருந்தது. இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுக் கலக்கினேன். மனதுக்குள் திருப்தி வேறு, எல்லாருக்கும் காணும் என்று.

மேசையில் எல்லாரும் இருந்தபிறகு, அரைத்த இறைச்சியில் கிரேவியை விட்டுக் குழைத்தேன். கரண்டியில் அள்ளினேன். ஒழுகியது. விரல்வழியே மணிக்கட்டுக்கு ஓடியது.

"அப்பா!" என்று மகள் என் கையைப் பிடித்தாள். மீதியைப் பிரெஞ்சில் கத்தினாள், அம்மாவைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று.

"அட கோதாரி! என்ன வேலை பாத்தன்!"

"ஒரு வாய்க்கு என்ன வரப்போகுது மச்சான், குடுங்கோ. பாவம், ஆசையாப் பாக்கிறாள்" என்றார் தமையன்.

"உங்களுக்கென்ன விசரே? புரைக்கேறினால் நீங்களோ மூச்சு விடப்போறியள்?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை. மருந்துக்கடை மாவைப் போடலாமே என்றாள் மகள். போட்டால் முதல் வாயிலேயே இவள் கண்டுபிடித்துவிடுவாள், பிறகு வாயைத் திறக்கவே மாட்டாள். பச்சை மாவைப் போட்டால் கட்டிபடும், கட்டி தொண்டையில் போய் நிற்கும். வற்றவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டி முழுவதையும் அடுப்பில் வைத்துக் கிண்டத் தொடங்கினேன். வான்கோழி ஆறியது. பிள்ளைகள் முனகினார்கள். தமையன் மட்டும் எழுந்து குசினிக்குள் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். என் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டு, "நீங்கள் கொஞ்சம் இருங்கோ, நான் கிண்டுறன்" என்றார். அடிக்கொருதரம் அள்ளிச் சரித்துச் சரித்துப் பார்த்தார். மனிதருக்கும் என்னைப்போலத்தான் பயம்.

வற்றி வற்றிக் கடைசியில் ஒரு கோப்பை கிரேவிதான் மிஞ்சியது. அது அவளுக்கு மட்டும். மற்றவர்கள் காய்ந்த இறைச்சியைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார்கள்.

நான் புதிதாகக் குழைத்துக் கரண்டியைச் சரித்தேன். தொப்பென்று விழுந்தது. அவளுக்கு முன்னால் குந்திக்கொண்டு வாயருகே நீட்டினேன். உதடு இறுகியே இருந்தது. "இஞ்சை பார், மருந்து மா இல்லை. என்ரை கையாலை செய்தது" என்றேன். மோந்து பார்த்தாள். மெல்லத் திறந்தாள். தொண்டை ஏறி இறங்குகிற வரைக்கும் நானும் மூச்சு விடவில்லை. இருமல் வரவில்லை.

ஆனால் அவளுடைய முகம் கோணியது. அசைவு மிஞ்சியிருந்த ஒரு பக்க முகமும் சுருங்கி, இடக்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"உ...ப்பு" என்றாள்.

மகளின் கையிலிருந்த முள்ளுக்கரண்டி கீழே விழுந்தது. நான் விரலால் தொட்டு நக்கினேன். கடல் தண்ணி. உப்புப் போட்டு, மேலே உப்புப் போட்டு, அதையும் வற்றவைத்தால் வேறென்ன வரும்?

"ஓமடி, உப்புத்தான். கூடிப்போச்சு. இன்னொருக்காச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.