இறங்கப் படிப்பித்த ஐயர்

தாசையன் ஐயரைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதே சொல்வார்கள். நானும் நல்லதிலேயே தொடங்குகிறேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஸ்ரீவராகத்துப் பிராமண ஐயர்மார் வேறே. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் தமிழ்ச் சபையில் பதினாறு வருஷம் இருந்தார். பசியோடு வந்தவனுக்குத் தன் தட்டையே தள்ளிக் கொடுப்பார்.

ஓய்வு பெறப்போகும் போதகர்களையும், அவர்களுக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியார்களையும் இறங்கப் பழக்குவதும் அவர் வேலை. பாறசாலையிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். அங்கியைக் கழற்றி மடிக்கச் சொல்வார். ஆளில்லாத கோயிலில் கடைசி பெஞ்சில் அரைமணி நேரம் சும்மா உட்காரச் சொல்வார். ஜெபிக்க வாயைத் திறந்தால் அதட்டுவார். விட்டுப்போன சபையின் படியைக் குடும்பத்தோடு மூன்று வருஷம் மிதிக்கக்கூடாது, கல்யாணமானாலும் சாவானாலும். அது அவர் சட்டம். புதிதாக வருகிறவன் நிலைக்க வேண்டாமா? நியாயந்தான். இல்லையென்று நான் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் ஞானாபரணம் எங்கள் சபையில் முப்பத்தோரு வருஷம் உபதேசியார். தொண்ணூற்றாறில் இறங்கினார். கரமனைக்கு வீடு மாறினோம். ஞாயிறு காலை மணி அடிக்கும் நேரம் வந்தால், கயிற்றைப் பிடிக்கிறது போல அவர் கை தானாக மேலே போகும். இரண்டாம் வருஷம் படுத்துவிட்டார்.

"பிள்ளே, நம்ம கோயில்ல ஒருதரம் திருவிருந்து எடுக்கணும். ஐயர்ட்ட கேளு."

கேட்டேன்.

"வீட்டுக்கு வந்து தாரேன், செல்லபாயே. கோயிலுக்கு வேண்டாம். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க."

"இன்னும் ஒரு வருசம் அவரு இருக்கமாட்டாரு, ஐயரே."

"சட்டம் சட்டமாக்கும்."

வீட்டுக்கு வந்து அப்பமும் ரசமும் கொடுக்கத்தான் செய்தார். இவர் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அந்த வாரமே போய்விட்டார். அடக்கத்தைக் கரமனைச் சபையில் வைத்தோம். அங்கே யாருக்கும் இவரைத் தெரியாது. அந்தப் போதகர் 'ஞானப்பிரகாசம்' என்று வாசித்தார். வேறு யாரோ ஒருத்தர் பேரில் என் மனுஷனை மண்ணுக்குள் வைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் தாசையன் ஐயரும் இறங்கினார். பொன்னாடை, மாலை, அழுகை எல்லாம் நடந்தது. எனக்கு மூன்று வருஷத் தவணை முடிந்திருந்ததால் நானும் பழைய கோயிலுக்கே திரும்பியிருந்தேன். மூன்றாவது ஞாயிறு பார்க்கிறேன், ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில் ஐயர் உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. கல்யாணத்துக்கெல்லாம் போய் ஆசீர்வாதமும் சொன்னார்.

"ஆளுக கூப்பிடுதாங்க, செல்லபாயே. மனசு கேக்கமாட்டேங்கு," என்றார்.

"கேக்காதுதான், ஐயரே. எனக்கு ஒரு காரியம் செய்யும். மரித்தோரை நெனைக்கிற ஞாயித்துக்கிழமை, உபதேசியார் பேரை இந்தக் கோயில்ல சரியா வாசிக்கச் சொல்லும்."

அவர் குடையைக் கைமாற்றினார். "அது இப்ப இருக்க ஐயர்ட்டல்லா கேக்கணும். நான் எறங்கினவன். தலையிடக்கூடாது."

அடுத்த ஞாயிறு முதல் மணிக்கே போனேன். ஆண்கள் பக்கம், முன் பெஞ்சு, அவர் இடத்தில் உட்கார்ந்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஓடி வந்தான்.

"அம்மச்சி, இது ஆம்பிளையாளுக பக்கம்."

"தெரியும்."

ஐயர் வந்து நின்றார். என்னைப் பார்த்தார்.

"ஐயரே, கடைசி பெஞ்சு காலியாத்தான் கெடக்கு," என்றேன். "நீரு படிப்பிச்ச எடந்தானே."

போனார். பேரை இன்றுவரை யாரும் வாசிக்கவில்லை. நானும் இன்னும் எழுந்திருக்கவில்லை.