பயப்பட வேண்டாம் என்று சொன்ன வண்டி

கிள்ளானில் எங்கள் பிளாட்டுகளுக்கு நடுவே அந்த வெள்ளை வேன் ஊர்ந்து வரும்போது முதலில் மலாய் மொழியில் ஒரு குரல் கேட்கும். அது ஓய்ந்ததும் தமிழில் என் மாமா பேசுவார். அம்மாவின் தம்பி. அரசாங்க அறிவிப்பு வண்டியில் மைக் பிடிப்பது அவர் வேலை. "அன்பார்ந்த பொதுமக்களே, நீர் விநியோகம் சீராக இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று அவர் கணீரென்று சொல்லி முடிப்பதற்குள் எங்கள் மாடிகளில் வாளிகள் தடதடக்கும். டிரம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடிப்பார்கள். பயப்பட வேண்டாம் என்று வண்டி சொன்னால் குழாய் நிற்கப்போகிறது என்று அர்த்தம். வண்டி வராத நாட்களில்தான் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அரசாங்கத்தை இப்படித் தலைகீழாகக் கேட்டுப் பிழைத்தவர்கள் நாங்கள். எங்களைப் போய் விவரம் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா மகான் எல்லாம் இல்லை. தன் குரல் மீது அவருக்கு அப்படியொரு கர்வம். கல்யாண வீடுகளில் யாராவது மைக்கை நீட்டினால் லேசில் திருப்பித் தரமாட்டார். சாப்பாட்டுக் கடையில் "என்னா அண்ணே, இன்னிக்கு என்னா பொய்?" என்று யாராவது சீண்டினால் மட்டும் முகம் சிவந்துவிடும். "நானா லா எழுதுறேன்? குடுக்குறத படிக்கிறேன்" என்பார். வெகுகாலம் அந்தப் பதிலே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஒருமுறை எங்களுக்குக் குடிநீர் வரும் ஆற்றில் யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. வண்டி வந்தது, வழக்கம்போல் பயப்பட வேண்டாம் என்றது, நாங்கள் வழக்கம்போல் தண்ணீர் பிடித்து வைத்தோம். கீழ்வீட்டுக்கு சாலாக் செலாத்தானிலிருந்து புதிதாகக் குடிவந்த ஓர் அக்கா மட்டும் பிடிக்கவில்லை. கைக்குழந்தைக்காரி. எங்கள் பிளாட்டின் வழக்கம் அவருக்குத் தெரியாது. மாமா சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிட்டார். குழாய் நின்றது. சாயங்காலம் வரும் என்றார்கள், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேன் மறுபடி வந்தபோது அந்த அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் குறுக்கே நின்றார். "நீங்க சொன்னீங்கன்னுதானே அண்ணே நம்பினேன். பிள்ளைக்குப் பால் கலக்கக்கூட தண்ணி இல்ல" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் மாமா பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பார்.

மாமா கையிலிருந்த தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். மைக்கில் அவருடைய சாதாரணப் பேச்சு கேட்டது. "தண்ணி எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா மொதல்ல வந்து சொல்றேன். இருக்கிறத பாத்துச் செலவு பண்ணுங்க, இல்லாதவங்களுக்குக் குடுங்க." பிறகு மேல்மாடியிலிருந்து ஒருவர் வாளியோடு இறங்கி அந்த அக்கா வீட்டுக்குப் போனார், அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்று மேலிடம் பயந்துகொண்டிருந்த உண்மை அவ்வளவுதான். அதைச் சொன்னதற்காக மாமாவைப் பிடித்து ஸ்டோரில் நாற்காலி அடுக்கப் போட்டார்கள். "பொய் சொல்றதுக்கு என் தொண்டைதான் கெடச்சிதா?" என்று வீட்டில் இரைந்தார். ஆனால் மைக் போனது அவருக்குக் கடைசி வரை வலித்தது. எனக்கு இன்றும் வலிக்கிறது.

இப்போது நாட்டில் அணுமின்சாரப் பேச்சு. நான் மொழிபெயர்ப்பாளர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்த விளக்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். அணு உலைக்கு நான் எதிரி இல்லை. மின்சாரம் வேண்டும், நிலக்கரிப் புகை வேண்டாம் என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. கூட்டம் தொடங்குமுன் ஏற்பாட்டாளர் என்னை ஓரமாக அழைத்து, "மக்களுக்குப் புரிதல் கம்மி மேடம். கொஞ்சம் பயமில்லாத மாதிரி சொல்லுங்க. அடுத்து வர்ற கிள்ளான், பங்சார் கூட்டமெல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். தனி ஆளாகத் தொழில் செய்கிறவளுக்கு அது சின்ன விஷயமில்லை. நான் மேடை ஏறினேன்.

கேள்வி நேரத்தில் நடுவரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். "ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்கு எப்ப சொல்வீங்க? மொதல்லயா, எல்லாம் முடிஞ்சப்புறமா?" நான் அதை மலாயில் சொன்னேன். மேடையிலிருந்த அதிகாரி நீளமாகப் பதில் சொன்னார். புதிய தொழில்நுட்பம், வெளிநாட்டு அனுபவம், சிறந்த நிபுணர்கள், கவலைப்பட எதுவுமில்லை. ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அந்தப் பெண்மணி தயங்கி, உட்காரப் போனார்.

"உக்காராதீங்க அக்கா," என்றேன் மைக்கிலேயே. "அவரு சொன்னத அப்படியே சொல்லிட்டேன். நீங்க கேட்டதுக்கு அதுல பதில் இல்ல. திரும்பக் கேளுங்க."

ஏற்பாட்டாளர் என்னைப் பார்த்த பார்வையிலேயே கிள்ளானும் பங்சாரும் போய்விட்டன. போகட்டும். அந்தப் பெண்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இம்முறை என்னை நம்பியிருக்காமல் தானே மலாயில் கேட்டார். அதிகாரி தாள்களைப் புரட்டினார். பிறகு தலை நிமிராமல், மக்களுக்கு எப்போது சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை என்று மெல்லச் சொன்னார். அதை நான் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கத் தமிழில் சொன்னேன்.