பாவைக் கெடுத்த கோழிக்காரி

“ஏஞ்சாமி, உங் கதையில வர்றவ ஒரு வாய் சோறுகூடத் திங்க மாட்டேங்கறாளே, அவ எப்படி உசுரோட இருப்பா?” என்று அத்தை கேட்டார்.

அப்பாவின் அக்கா அவர். கைநாட்டு வைப்பவர். நானோ எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள். குமாரபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். அப்படிப்பட்டவளுக்கு, ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே ஒருவர் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டேன்.

என் கதாநாயகி சோறு தின்கிறவள் அல்ல, கண்ணீர் வடிக்கிறவள். முதல் கதையில் தாமரைக் குளத்தருகே நின்று வடித்தாள். பத்திரிகைக்காரர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது கதையில் அவளுக்குக் காசநோய் வரவழைத்தேன். அதுவும் திரும்பி வந்தது. ‘பாத்திரத்தில் உயிர் இல்லை’ என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி. காசநோய்க்காரியிடம் இதற்குமேல் எவ்வளவு உயிர் இருக்கும் என்று எனக்குக் கோபம்.

அப்பாவுக்கும் பொறுமை போயிற்று. “மூணாவதும் திரும்பி வந்துதுன்னா மைக்கூடு பரணுக்குப் போயிரும். அத்தை பக்கத்துல உக்காந்து நீயும் தார் சுத்தோணும். ஆமா.”

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

அத்தை மேலிருந்த எரிச்சலில், மூன்றாவது கதையின் முதல் வரியிலேயே ஒருத்தியைக் களி தின்ன வைத்தேன். தின்றவள் சும்மா இருக்கவில்லை. ஒரு கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு, பரிசலில் காவேரியைத் தாண்டி, பவானிச் சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். வாராவாரம் அதே கோழி. ஒருவன் கோழியை அமுக்கிப் பார்த்தான் என்று அவனைத் திட்டினாள். இன்னொருவன் ‘கிழடு’ என்றான் என்று அவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். சாயங்காலம் கோழியோடு திரும்பினாள். அடுத்த வாரம் மறுபடி கிளம்பினாள். எழுத எழுத எனக்கே அவளிடம் பயம் வந்தது. ஒருநாள் நடு ஆற்றில் பரிசல் ஆடி, கூடை சரிந்து, கோழி தண்ணீரில் விழுந்தது. அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.

மறுநாள் விடிகாலை பாவடியில் எங்கள் முறை. தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை அந்தத் திடலில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, காய்கிறவரை நார் புருசால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர் மூவரும் நீவினார்கள். நான் கஞ்சி தெளித்த அழகைப் பார்த்து அத்தை சட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீ பாதி நூலுக்கு ஊத்தற, பாதி மண்ணுக்கு ஊத்தற. போய் அந்தக் கதையக் கொண்டாந்து படி. கேட்டுக்கிட்டே வேலையப் பாக்கறோம்.”

வேலையை விட்டு ஓட முடியாத நான்கு பேர் எந்த எழுத்தாளருக்குக் கிடைப்பார்கள்? குரலெடுத்துப் படித்தேன்.

“அதென்ன, அமுக்கிப் பாத்தா கோழி தேஞ்சா போயிரும்?” என்றார் சித்தப்பா.

“உன்னய ஒருத்தன் அமுக்கிப் பாத்தாத் தெரியும்டா,” என்றார் அத்தை.

கோழி தண்ணீரில் விழுந்தது. நான் நிறுத்தினேன்.

“அப்பறம்?” என்றார் அப்பா.

“அவ்வளவுதான் எழுதியிருக்கேனுங்க.”

“கோழி நீந்துமுங்களா?” என்று பெரியவர் கேட்டார். அவர் கை நின்றுவிட்டது.

“எங்கீங்க நீந்தும்? முழுகிப் போயிரும்,” என்றார் சித்தப்பா.

“றெக்கைய விரிச்சுதுன்னா மெதக்கும்டா!” அப்பா புருசோடு இரு கையையும் விரித்து மிதந்து காட்டினார்.

“இத்தன வாய் பேசுனவ, எறங்கித் தூக்காம என்ன பண்றாளாம்?” அத்தை சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடமே சண்டைக்கு வந்தார்.

வெயில் ஏறியது. முதலில் பாவைத் தொட்டுப் பார்த்தவர் பெரியவர்தான். அது அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது.

மறுபடி தண்ணீர் தெளித்து, இழை இழையாகப் பிரித்தோம். பரணில் ஏறி உட்காரும் மைக்கூடு என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் திட்டு வேறு பக்கம் போயிற்று.

“எல்லாம் அந்தக் கோழிக்காரியால வந்த வெனை,” என்றார் சித்தப்பா.

“அவளக் குத்தஞ் சொல்லாத. பரிசல்காரன் ஆடாம ஓட்டியிருக்கோணும்,” என்றார் அப்பா.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. இதையெல்லாம் எழுதியவள் ஒருத்தி பக்கத்திலேயே நிற்கிறாளே!

சாயங்காலம் நானே கேட்டேன். “இதுவும் திரும்பி வந்துதுன்னா மைக்கூடு பரணுக்குத்தானுங்களாப்பா?”

அப்பா ஒட்டிய இழையொன்றை நகத்தால் பிரித்துக்கொண்டே, “மொதல்ல அந்தக் கோழியக் கரை சேத்து சாமி. அப்பறம் பாக்கலாம்,” என்றார்.

கரை சேர்த்தேன். கோழிக்குப் பின்னாலேயே அவளும் குதித்தாள். பரிசல்காரன் இருவரையும் இழுத்துப் போட்டான். நனைந்த கோழியை எவன் மதிப்பான் என்று அன்றைக்கும் விற்காமல் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை கதையைத் தபாலில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை, பதிலுக்குக் காத்திராமல், பரிசல்காரனை வைத்து ஒரு கதை தொடங்கினேன். இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. முதல் பக்கத்திலேயே அவன் பழைய சோறு தின்று கை கழுவிவிட்டான்.